பாம்பு முட்டையிடும்போதே உள்ளே இதயம் துடிக்குமா?

ஏப்ரல் 27, 2024 (கேள்வி, கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர்)

தொழுவத்துக்குப் பின்னால் இருந்த வைக்கோற்படப்பின் ஒரு மூலையைப் பிரித்தபோது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட வெள்ளை முட்டைகள் தென்பட்டன. மண்வெட்டியின் முனை பட்டு ஒரு முட்டை கிழிந்துவிட்டது. உள்ளே மெல்லிய உடல் ஒன்று சுருண்டிருந்தது. தலையில் பெரிய கண், அதன் அடியில் துடித்துக்கொண்டிருந்த ஒரு சிவப்புப் புள்ளி. அந்த மூலையை நான்கு நாட்களுக்கு முன்புதான் கலைத்து அடுக்கினோம், அப்போது அங்கே முட்டை இல்லை. நான்கே நாளில் கண்ணும் இதயமும் எப்படி உண்டாகும்? வேறெங்கோ இட்ட பழைய முட்டைகளைப் பாம்பு வாயில் கவ்விக்கொண்டு வந்து வைத்திருக்கும் என்று அப்பா சொல்கிறார். அண்ணாச்சி, மீதி முட்டைகளைக் கோழிக்கு அடை வைப்பது போல அவ்வப்போது திருப்பி வைக்கலாமா?

ஏப்ரல் 27, இரவு

திருப்பாதீர்கள். மற்றவற்றைப் பிறகு விளக்குகிறேன், முதலில் இதைச் செய்யுங்கள்: பிரித்த வைக்கோலை அதே இடத்தில் மெதுவாக மூடிவிட்டு, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் சொல்லுங்கள். முட்டையை மட்டும் பார்த்து அது சாரையுடையதா நல்லபாம்பினுடையதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இவ்விரண்டிலும் தாய் முட்டைகளின் அருகிலேயே தங்கியிருக்கும் வழக்கம் உண்டு. ஆகவே அந்தப் படப்புக்குள் இனி யாரும் கை நுழைக்க வேண்டாம், குழந்தைகளை அந்தப் பக்கம் விடவும் வேண்டாம்.

பாம்புக்கு முட்டையைக் கவ்வித் தூக்கிச் சென்று இடம் மாற்றும் வழக்கம் கிடையாது. முட்டைகள் அங்கேயே, நீங்கள் சொல்லும் நான்கு நாட்களுக்குள்ளேயே இடப்பட்டிருக்கும். வியப்புக்குரியது வேறொன்று. பாம்பு முட்டையிடும் நாளிலேயே உள்ளே இருக்கும் கருவுக்குத் தலை உண்டு, கண் உண்டு, துடிக்கும் இதயமும் உண்டு. கருவளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாயின் வயிற்றுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள்.

ஏப்ரல் 28

இந்த ஐயம் ஏன் எல்லோருக்கும் எழுகிறது என்று நேற்றிரவு யோசித்துப் பார்த்தேன். பாளையங்கோட்டையில் விலங்கியல் செய்முறை வகுப்பு நடத்திய காலமெல்லாம் மாணவர்களுக்கு நாங்கள் காட்டியது கோழிக்கரு ஒன்றைத்தான்: 24 மணி, 33 மணி, 48 மணி, 72 மணி என்று கண்ணாடித் தகடுகளை வரிசையாக நுண்நோக்கியில் வைத்துப் படம் வரையச் செய்வோம். அதனால் முட்டை என்றாலே இட்ட நேரத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் பதிந்துவிட்டது. கோழி வளர்க்கும் வீடுகளில் அது முன்பே பதிந்திருந்தது.

கோழி இட்ட முட்டையில் மஞ்சள் கருவின் மேல் பல்லாயிரம் செல்கள் கொண்ட வெண்மையான சிறு வட்டம் மட்டுமே இருக்கும். கண் கிடையாது, இதயம் கிடையாது. சூடு கிடைக்காவிட்டால் அந்த வட்டம் பல நாட்கள் அப்படியே காத்திருக்கும். அடை வைத்த இரண்டாம் நாளில்தான் இதயம் துடிக்கத் தொடங்கும். பாம்பு அப்படியல்ல. இணை சேர்ந்த பிறகு கருவுறுதல் உடலுக்குள் நடக்கிறது. தோல் போன்ற ஓடு சுற்றிய பிறகும் முட்டைகள் சில வாரங்கள் கருக்குழாயிலேயே தங்குகின்றன, கரு அங்கே வளர்ந்துகொண்டே இருக்கிறது. முட்டை மண்ணுக்கு வரும் நாள் கருவுக்கு முதல் நாள் அல்ல. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பாம்பு முட்டையைப் பற்றிய பல புதிர்கள் தாமாகவே அவிழும். இந்த இழையில் நான் வலியுறுத்த விரும்புவதும் இதுதான்.

ஏப்ரல் 30

வனத்துறையினர் நாளை வருவதாகக் கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். நல்லது. முட்டைகளை இடம் மாற்ற நேர்ந்தால் பழகியவர்கள் ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் பென்சிலால் ஒரு குறி இட்டு, அதே புறம் மேலே இருக்கும்படியே எடுத்து வைப்பார்கள். ஒட்டியிருக்கும் முட்டைகளைப் பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் ஓடு கிழியும்.

கோழிமுட்டையைத் திருப்புவது ஏன் நன்மை, பாம்பு முட்டையைத் திருப்புவது ஏன் கேடு என்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அம்மையார் கேட்கிறார். கோழிமுட்டையில் மஞ்சள் கருவை இரு முனைகளிலும் முறுக்கிய வெண்கருக் கயிறுகள் தாங்குகின்றன. எப்படித் திருப்பினாலும் மஞ்சள் கரு சுழன்று, கரு உள்ள பக்கம் மேலே வந்துவிடும். பாம்பு முட்டையில் அந்தக் கயிறுகள் இல்லை, வெண்கருவே மிகச் சொற்பம். கருவின் மூச்சுச் சவ்வு ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைப் புரட்டினால் சவ்வும் இரத்தக் குழாய்களும் இழுபடும், மஞ்சள் கருவின் பாரம் கருவின் மேல் விழும்.

மே 3

மூச்சுச் சவ்வு என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதை விரிவாகச் சொல்லாவிட்டால் முட்டைக்குள் நடப்பது விளங்காது.

கருவைச் சுற்றி நான்கு சவ்வுகள் உண்டாகின்றன. கருவை ஒட்டியிருப்பது பனிக்குடம். அதற்குள் நீர் நிறைந்திருக்கும், கரு அதில் மிதக்கும். கடலை விட்டுக் கரையேறிய முதுகெலும்பிகள் கரையில் கருவை வளர்க்கக் கண்ட வழி அது. மனிதக் கருவுக்கும் கோழிக் கருவுக்கும் பாம்புக் கருவுக்கும் பொதுவானது. இரண்டாவது, மஞ்சள் கருவைப் போர்த்தும் உணவுப்பை. மூன்றாவது, கருவின் குடலிலிருந்து பை போல வெளியே வளரும் அல்லன்டாய்ஸ். கழிவு இதில் சேரும். நான்காவதாக எல்லாவற்றையும் வெளியே சுற்றியிருப்பது கோரியான். அல்லன்டாய்ஸ் பெருகிப் பெருகிக் கோரியானோடு இணைந்து, ஓட்டின் உட்புறம் முழுவதும் இரத்தக் குழாய்களைப் பரப்பிவிடுகிறது. ஓட்டின் நுண்துளைகள் வழியாக வரும் காற்றை இந்தக் குழாய்கள் வாங்குகின்றன. இருட்டில் கைபேசி விளக்கை முட்டையின் அருகே பிடித்தால் செந்நிற நரம்புகள் கிளைவிட்டுத் தெரிவது இதனால்தான். முட்டையைத் தூக்காமல், இருக்கும் இடத்திலேயே பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தும் பார்க்கலாம். ஆனால் அதை வனத்துறையினர் செய்யட்டும்.

மஞ்சள் கருவைக் கரு உண்ணும் முறையில் பாம்புக்கும் கோழிக்கும் பெரிய வேறுபாடு இருப்பது அண்மைக் காலத்தில்தான் தெளிவாகியது. கோழிமுட்டையில் மஞ்சள் கரு கடைசி வரை குழம்பாகவே இருக்கும். பையின் சுவரில் உள்ள செல்கள் அதை உறிஞ்சிக் கொடுக்கும். பாம்பில் செல்கள் கூட்டமாக மஞ்சள் கருவுக்குள்ளேயே புகுந்து, அதைத் துளித்துளியாக விழுங்கிக்கொள்கின்றன. பின்னாலேயே மெல்லிய இரத்தக் குழாய்கள் நுழைய, அந்தச் செல்கள் குழாய்களைச் சுற்றி ஒட்டிக்கொள்கின்றன. பாதி வளர்ந்த பாம்பு முட்டையின் உணவுப்பையைத் திறந்து பார்த்தால் குழம்பு இருக்காது, இடியாப்பம் பிழிந்து வைத்தது போல மஞ்சள் இழைகள் அடர்ந்திருக்கும். கார்ன் ஸ்நேக் எனப்படும் அமெரிக்கப் பாம்பில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பல்லி, ஓணான் வகைகளிலும் இதே அமைப்பைக் கண்டிருக்கிறார்கள். ஆய்வகத்தில் சாரைப்பாம்பின் கெட்டுப்போன முட்டை ஒன்றை அறுத்தபோது இந்த இழைகளை நான் பார்த்திருக்கிறேன். பதப்படுத்தும் மருந்தில் மஞ்சள் கரு உறைந்துவிட்டது என்றுதான் அன்று எல்லோருமே எண்ணினோம்.

நீரும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். வெண்கரு சொற்பம் என்றேன் அல்லவா? ஓட்டில் சுண்ணாம்பு மெல்லிய பூச்சாகவே இருப்பதால், ஈரமண்ணில் இருக்கும் பாம்பு முட்டை நீரை உறிஞ்சிப் பருக்கும், எடை கூடும். கோழிமுட்டையின் எடை அடையின்போது குறைந்துகொண்டேதான் போகும். வைக்கோற்படப்பின் அடிப்பகுதியையும் எருக்குழியையும் கறையான் புற்றையும் பாம்பு தேடிச் செல்வதற்கு அங்குள்ள ஈரமும் சீரான வெப்பமும்தான் காரணம். எலும்புக்குத் தேவையான சுண்ணாம்பின் பெரும்பகுதி மஞ்சள் கருவிலேயே இருக்கிறது.

மே 6

கத்திரி தொடங்கிவிட்டது, முட்டைகள் வெந்துவிடாதா என்று கேட்கிறார்கள். ஆழத்தில் இருப்பவை வேகா. வெப்பம் குறைந்தால் வளர்ச்சி மெதுவாகும், அளவு மீறினால் முதுகெலும்பு கோணிய குஞ்சுகள் உண்டாகும் அல்லது கரு இறக்கும். முதலையிலும் பல ஆமைகளிலும் நடப்பது போல வெப்பம் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதில்லை. பாம்பில் அது கருவுறும்போதே குரோமோசோம்களால் முடிவாகிவிடுகிறது. அதிலும் நல்லபாம்பு, சாரை போன்றவற்றில், மனிதரைப் போலன்றி, வேறுபட்ட குரோமோசோம் இணை பெண்ணிடம் இருக்கிறது.

மே 11

சேரன்மகாதேவி நண்பர் ஒருவர் எழுப்பிய கேள்விக்காக இந்தக் குறிப்பு. அறுவடை இயந்திரத்தில் சிக்கிய ஒரு முட்டைக்குள் இருந்த குஞ்சுக்கு வாலருகே இரண்டு சிறு கால்கள் இருந்ததாகவும், ஆகவே பாம்பின் கால் பாம்பறியும் என்ற பழமொழி மெய்தான் என்றும் எழுதுகிறார். அவர் பார்த்தது உண்மை. அது கால் அல்ல. ஆண் பாம்புக்கு இரண்டு இனவுறுப்புகள் உண்டு. வளர்ந்த பாம்பில் அவை வாலுக்குள் மடங்கியிருக்கும். கருவில் பல வாரங்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பொரியும் காலத்துக்கு முன் உள்ளே போய்விடும். ஆயினும் அவர் சொல்வதற்குச் சற்று அருகில் ஓர் உண்மை இருக்கிறது. பல்லிகளிலும் பாம்புகளிலும் இந்த உறுப்புகள் பின்னங்கால் முளைக்கும் பகுதியைச் சேர்ந்த செல்களிலிருந்தே உருவாகின்றன என்று 2014-இல் காட்டியிருக்கிறார்கள்.

மெய்யான கால் மொட்டைக் காண வேண்டுமானால் மலைப்பாம்பின் கருவைப் பார்க்க வேண்டும். அதில் பின்னங்கால் மொட்டுகள் எழுகின்றன. காலை வளர்க்கும் மரபணுவின் கட்டளை சிறிது நேரம் ஒலித்து நின்றுவிடுவதால் அவை அந்த அளவிலேயே அடங்கி, வளர்ந்த பாம்பில் கழிவாயின் இருபுறமும் சிறு நகங்களாக எஞ்சுகின்றன. நல்லபாம்பு, சாரை போன்றவற்றின் கருவில் அந்த மொட்டும் எழுவதில்லை. 2016-இல் வெளியான ஆய்வொன்றில், எலியின் மரபணுத் தொகுதியில் காலுக்கான கட்டளைப் பகுதியை நீக்கிவிட்டுப் பாம்பினுடையதைப் பொருத்தினார்கள். எலிக்குட்டிகள் காலின்றிக் குறுகிய மொட்டுகளோடு பிறந்தன. பாம்பின் அந்தப் பகுதியில் 17 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டு, அவற்றை மட்டும் திரும்பச் சேர்த்தபோது எலிக்குக் கால் வளர்ந்தது. கால் இழந்த வரலாறு முழுவதையும் 17 எழுத்துகளில் அடக்கிவிட முடியாது, வேறு மாற்றங்களும் உண்டு. என்றாலும் இந்தச் சோதனையைப் படித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை.

உடல் நீள்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லா முதுகெலும்பிகளின் கருவிலும் கழுத்திலிருந்து வால் நோக்கி, குறித்த இடைவெளியில் ஒவ்வொரு துண்டாக உடற்கண்டங்கள் பிரிகின்றன. முள்ளெலும்புகள் அவற்றிலிருந்து உருவாகும். கோழியில் ஏறத்தாழ 55 கண்டங்கள், எலியில் 65, கார்ன் ஸ்நேக்கில் 315. பாம்புக் கரு அத்தனை காலம் கூடுதலாக வளர்வதில்லை. உடல் வளரும் வேகத்தோடு ஒப்பிட்டால், கண்டங்களைப் பிரிக்கும் உட்கடிகாரம் பல்லியில் இருப்பதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விரைந்து அடிக்கிறது. ஆகவே துண்டுகள் சிறியவை, எண்ணிக்கை மிகுதி. இது 2008-இல் வெளிவந்த முடிவு. இந்த வேலையின் பெரும்பகுதி தாயின் வயிற்றுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. இட்டு நான்கு நாட்களுக்குள் தம்பி பார்த்த கரு அவ்வளவு சுருண்டிருந்ததற்கு இதுவே காரணம்.

மே 12

சாரை ஆண், நல்லபாம்பு பெண், இரண்டும் இணைந்துதான் முட்டை உண்டாகிறது என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். இல்லை. இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள், ஒன்றின் விந்து மற்றதன் சினையைக் கருவாக்காது. சாரையிலும் ஆண், பெண் உண்டு, நல்லபாம்பிலும் உண்டு. வரப்பில் இரண்டு பாம்புகள் பின்னி எழுந்து நிற்பதைப் பார்த்தால், அவை பெரும்பாலும் வலிமை பார்க்கும் இரண்டு ஆண் சாரைகள்.

மே 22

மூன்றில் ஒரு பங்கு என்று ஏப்ரல் 27 அன்று எழுதியதைச் சிலர் நாள்கணக்காக மாற்றி, இணை சேர்ந்த தேதியிலிருந்து பொரியும் தேதியைக் கணிக்க முயல்கிறார்கள். அது கைகூடாது. அந்தப் பங்கு இனத்துக்கு இனம் கூடும், குறையும். பெண் பாம்பு விந்தைப் பல மாதங்கள் உடலுக்குள் காத்து வைத்துப் பின்னர் கருவுறச் செய்யவும் கூடும். ஆகவே இணை சேர்ந்த நாள் கருவின் முதல் நாளைக் காட்டாது. முட்டையிட்ட நாள் தெரிந்தால் மட்டுமே ஒரு வரம்பு சொல்லலாம்: நல்லபாம்புக்கு 48 முதல் 69 நாட்கள் வரை.

ஜூன் 4

மேலப்பாளையத்திலிருந்து ஒரு மாணவி: விரியன் குட்டி தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வருமாமே, அது மெய்யா?

மெய்யல்ல. கண்ணாடி விரியன் இருபது, முப்பது, நாற்பது குட்டிகளைக் கூட ஈன்றுவிட்டு உயிரோடு ஊர்ந்து செல்லும். அதன் கருக்களுக்கும் நான் மே 3 அன்று விவரித்த பனிக்குடம், உணவுப்பை, அல்லன்டாய்ஸ், கோரியான் நான்கும் இருக்கின்றன; மஞ்சள் கருவும் இருக்கிறது. ஓடு மட்டும் மெல்லிய சவ்வாகத் தேய்ந்துவிட்டது. தாயின் கருக்குழாய்ச் சுவரோடு ஒட்டி, காற்றையும் நீரையும் நேரடியாக வாங்கிக்கொள்கின்றன. குட்டி அந்தச் சவ்வுப் பையோடு வெளிவந்து, உடனே அதைக் கிழித்துக்கொண்டு நகரும். சவ்வு கிழிவதைப் பார்த்தவர்கள் வயிறு கிழிந்ததாகச் சொல்லியிருக்கக்கூடும்.

கட்டுவிரியனும் விரியன் என்றே அழைக்கப்பட்டாலும் முட்டையிடும் இனம். சுருட்டை விரியன், பச்சைப்பாம்பு, மண்ணுளிப்பாம்பு ஆகியவை நம் பகுதியில் குட்டி ஈனுபவை. முட்டையிடுவதும் குட்டி போடுவதும் இரு வேறு உலகங்கள் என்று பள்ளியில் பட்டியல் போட்டுக் கற்பிக்கிறோம். பாம்புகளைப் பார்த்தால் அது ஒரே பாதை: சாரை மூன்றில் ஒரு பங்கு தூரம் கருவைச் சுமந்து மண்ணில் இறக்கி வைக்கிறது, விரியன் முழுத் தூரமும் சுமக்கிறது.

ஜூன் 19

தம்பியின் படப்பிலிருந்து வனத்துறையினர் எடுத்துச் சென்ற முட்டைகள் பொரியத் தொடங்கிவிட்டன. சில நாட்களாகவே ஓட்டில் பள்ளம் விழுந்திருந்ததாம், அது அடையாளம்தான். தலையை நீட்டிய குஞ்சுகள் படம் விரித்ததால் நல்லபாம்பு என்று உறுதியாயிற்று.

குஞ்சு ஓட்டைக் கொத்தி உடைப்பதில்லை, கீறுகிறது. மேல்தாடையின் நுனியில் முன்னோக்கிய முட்டைப்பல் ஒன்று இருக்கும். கோழிக்குஞ்சின் அலகில் இருப்பது கொம்புப் பொருளாலான புடைப்பு. பாம்பினுடையது மெய்யான பல், பொரிந்த சில நாட்களில் விழுந்துவிடும். ஓட்டில் பல கீறல்கள் போட்ட பிறகும் குஞ்சு உடனே வெளிவராமல், தலையை மட்டும் நீட்டியபடி ஒரு நாளுக்கு மேலும் உள்ளேயே இருக்கலாம். எஞ்சிய மஞ்சள் கரு அந்த நேரத்தில் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது, நுரையீரல் மூச்சுக்குப் பழகுகிறது. இரக்கப்பட்டு ஓட்டைப் பிரித்து உதவுகிறவர்கள் அந்தக் குஞ்சைக் கொன்றுவிடுகிறார்கள். தொப்புள் கொடி இருந்த இடம் அடிவயிற்றுச் செதில்களில் சிறு தழும்பாகச் சில காலம் தெரியும்.

குட்டிப் பாம்புக்கு நஞ்சு இல்லை என்று யாரும் கையில் எடுக்க வேண்டாம். நச்சுச் சுரப்பியும் நச்சுப்பல்லும் முட்டைக்குள்ளேயே முழுமையடைகின்றன. கருவின் மேல்தாடையில் நச்சுப்பல் முதலில் பின்பகுதியில்தான் தோன்றுகிறது. தாடை வளர வளர அது முன்னுக்கு நகர்த்தப்படுகிறது. பின்பக்கப் பல் உடைய பாம்புகளுக்கும் முன்பக்கப் பல் உடைய நாகம், விரியன் வகைகளுக்கும் தொடக்கம் ஒன்றே என்பதைப் பல இனங்களின் கருக்களை ஒப்பிட்டு 2008-இல் நிறுவினார்கள். பொரிந்த நாளிலேயே கடித்து நஞ்சைச் செலுத்தும் திறன் அந்தக் குஞ்சுகளுக்கு உண்டு.

ஜூன் 23

முழுத் தூரமும் சுமப்பது ஏன் என்று மாணவி மீண்டும் கேட்டிருக்கிறார். குளிர்தான் முதலில் சொல்லப்படும் விடை. மேற்குத்தொடர்ச்சி மலையின் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள் குட்டி ஈனுகின்றன. குளிர்ந்த மண்ணில் முட்டையை விட்டால் வளர்ச்சி தடைப்படும், தாய் சுமந்தால் வெதுவெதுப்பான இடம் தேடி நகரலாம். இந்த விடை எனக்குப் பிடித்தமானது. ஆனால் நாங்குநேரிப் பொட்டலில் வெயில் காயும் கண்ணாடி விரியனும் குட்டிதான் ஈனுகிறது. அதற்குக் குளிரைக் காரணமாகச் சொல்ல இயலாது; அதன் முன்னோர்களிடமிருந்து வந்த இயல்பாக அது இருக்கலாம்.

களக்காடு முண்டந்துறைக் காட்டின் ஈரத்தில் வாழும் ராஜநாகம் முட்டையிடும் இனமாகவே இருக்கிறது. தாய் உடலால் சருகுகளை இழுத்துக் குவித்துக் கூடு கட்டுகிறது. மழை உட்புகாமல் மேல்சருகு தடுக்கிறது, அடிச்சருகு மக்கும்போது வெப்பம் தருகிறது. மலைப்பாம்பு வேறு வழி கண்டது: முட்டைகளைச் சுற்றிக்கொண்டு தசைகளை விட்டுவிட்டுத் துடிக்கச் செய்து, சூழலைவிடச் சில பாகை கூடுதலாகச் சூடேற்றும். நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் 1960-களில் இதை அளந்து பதிவு செய்தார்கள். கருவுக்கு வெப்பம் வேண்டும் என்ற ஒரே தேவைக்குச் சுமப்பது, கூடு கட்டுவது, நடுங்குவது என்று மூன்று விடைகள் நம் மலையடிவாரத்திலேயே இருக்கின்றன.

ஜூன் 24

பூந்தொட்டி மண்ணில் நெல்மணியைவிடச் சற்றே பெரிய வெள்ளை முட்டைகள் கிடைத்ததாகக் கடையத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு: அருகிலேயே மண்புழுவைப் போன்ற கருத்த, பளபளப்பான பாம்பு இருந்ததாகச் சொல்வதால் அவை புழுப்பாம்பின் முட்டைகளாக இருக்கலாம். நஞ்சற்றது, எறும்பு, கறையான்களின் முட்டைகளைத் தின்று வாழ்வது. அந்த இனத்தில் பெண் மட்டுமே உண்டு, ஆணின் விந்து இல்லாமலேயே கரு தொடங்கிவிடும். தொட்டி மண்ணோடு பல நாடுகளுக்கும் அது பரவியதற்கு அதுவும் ஒரு காரணம், ஒரே ஒரு பாம்பு போய்ச் சேர்ந்தாலும் போதும். முட்டைகளை எடுத்த ஆழத்திலேயே, மேற்புறம் மாறாமல் வைத்து, ஈரமண்ணால் மூடிவிடுங்கள். நீரைத் தேங்க விடாதீர்கள்.